வாயில்லா உயிர்கள் கட்டும் பாலம்

மாணவர்களே, ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள்.

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. மாலை ஐந்து மணி. வரவேற்பறையின் மூலையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தரையில் அமர்ந்து, விளையாட்டுக் கார்களை வரிசையாக அடுக்கிக் கொண்டிருக்கிறான். அவன் மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள சிறுவன். பெயர் சொல்லி அழைத்தாலும் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. உறவினர் வந்தால் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக் கொள்வான்.

அன்று, கீழ்மாடியில் வசிக்கும் இன்னொரு சிறுவன், தன் அம்மா கொடுத்தனுப்பிய முறுக்குப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நிற்கிறான். கார் அடுக்கும் சிறுவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆனால், நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த பூனை எழுந்து வந்து, வந்தவனின் காலை உரசுகிறது. அவன் குனிந்து அதைத் தடவுகிறான்.

“இதோட பேரு என்ன?”

சற்று நேரம் அமைதி. பிறகு மூலையிலிருந்து பதில் வருகிறது.

“சுண்டு. வயித்துல தொடாத. அதுக்குப் பிடிக்காது.”

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தாயின் கண்கள் கலங்குகின்றன. தன் மகன் வெளியாள் ஒருவரிடம் தானாக இவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும், இத்தகைய அனுபவங்களைப் பல நாடுகளில் பெற்றோரும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் கண்டுள்ளனர். செல்லப்பிராணிகள் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு எவ்வாறு துணை நிற்கின்றன? அந்தத் துணைக்கு எல்லை உண்டா? இவற்றோடு, நம்மைப் பற்றிய ஒரு கேள்வியும் இப்பாடத்தில் இருக்கிறது. அதை இறுதியில் காண்போம்.

சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் யாவர்?

பார்வை, செவித்திறன், பேச்சு, உடல் இயக்கம், கற்றல் ஆகியவற்றில் மற்றவர்களைவிடக் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைச் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் என்கிறோம். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேவைகளும் இருக்கலாம். மதியிறுக்கம், டவுன் நோய்க்குறி, கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, எழுத்துகளை அடையாளம் காண்பதில் ஏற்படும் இடர்ப்பாடு ஆகியவை கற்றல் தொடர்பான தேவைகளுள் அடங்கும். பெருமூளை வாதம் உடல் இயக்கத்தைப் பாதிக்கிறது.

நம் நாட்டில் இப்பிள்ளைகளுள் பலர், ஒருங்கிணைப்புச் சிறப்புக் கல்வித் திட்டத்தின்வழி வழக்கமான பள்ளிகளிலேயே பயில்கின்றனர். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2019-ஆம் ஆண்டு முதல், சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தி வருகிறது. எனவே, நம் பள்ளி வளாகத்திலேயே அவர்களுடைய வகுப்பறையும் இருக்கக்கூடும். ஒரே சபைகூடல், ஒரே சிற்றுண்டிச்சாலை, ஒரே திடல். ஆயினும், அவர்களுள் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? ஒரே வளாகத்தில் இருப்பதும் நண்பர்களாக இருப்பதும் ஒன்றன்று. இந்த இடைவெளியைக் கடக்கத்தான் சில வேளைகளில் ஒரு பூனையோ நாயோ உதவுகிறது.

தற்செயலாகக் கிடைத்த உண்மை

போரிஸ் லெவின்சன் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பணியாற்றிய குழந்தை உளவியலாளர். அவர் ஜிங்கிள்ஸ் என்னும் நாயை வளர்த்து வந்தார். 1953-ஆம் ஆண்டில் ஒருநாள், யாரோடும் பேசிப் பழகாமல் ஒதுங்கி வாழ்ந்த சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் அவரிடம் அழைத்து வந்தனர். குறித்த நேரத்திற்கு முன்னதாகவே அவர்கள் வந்துவிட்டதால், அறையில் படுத்திருந்த ஜிங்கிள்ஸை வெளியே அனுப்ப லெவின்சனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. நாய் ஓடிச் சென்று சிறுவனை நக்கியது. அவன் அஞ்சி ஓடவில்லை. மாறாக, அதைக் கட்டியணைத்துத் தடவத் தொடங்கினான். தாய் பதறி இருவரையும் பிரிக்க முற்பட்டார். லெவின்சனோ அவர்களை அப்படியே விட்டுவிடும்படி கூறினார்.

அன்று விடைபெறும்போது, மீண்டும் வந்து நாயோடு விளையாடலாமா என்று அச்சிறுவன் கேட்டான். அடுத்த சில சந்திப்புகளில் அவன் நாயோடு மட்டுமே விளையாடினான். லெவின்சன் அருகில் அமர்ந்திருந்ததை அவன் பொருட்படுத்தவில்லை. நாளடைவில், நாயின்மேல் அவன் கொண்ட அன்பு அதன் உரிமையாளர்மீதும் படர்ந்தது. சிறுவன் மெல்ல மெல்ல அவரையும் தன் விளையாட்டில் சேர்த்துக் கொண்டான். அதன் பின்னரே சிகிச்சை முறையாகத் தொடங்கியது.

இந்த அனுபவத்தை லெவின்சன் 1961-ஆம் ஆண்டில் உளவியலாளர் மாநாட்டில் எடுத்துரைத்தபோது, சிலர் அதைக் கேலி செய்தனர். அவர் மனம் தளரவில்லை. நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்று குறிப்பிட்டு 1962-இல் கட்டுரை எழுதினார். 1969-இல் இத்துறைக்கென ஒரு நூலையும் வெளியிட்டார். விலங்குத் துணைச் சிகிச்சை என்று இன்று அழைக்கப்படும் துறைக்கு அவருடைய பணி அடித்தளமாக அமைந்தது.

இந்நிகழ்வில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஜிங்கிள்ஸ் அச்சிறுவனைக் குணப்படுத்தவில்லை. சிறுவனுக்கும் ஒரு மனிதருக்கும் இடையே பாலமாக இருந்தது. அந்தப் பாலத்தின் மறுகரையில் பொறுமையோடு காத்திருக்க ஒரு மனிதர் இருந்தார்.

வகுப்பறைக்கு வந்த கினிப் பன்றிகள்

லெவின்சன் கண்டது ஒரு சிறுவனிடம் மட்டும் நிகழ்ந்த தற்செயலா? இதை ஆய்வாளர்கள் பின்னர் முறையாக ஆராய்ந்தனர். அவ்வாய்வுகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவில் நடைபெற்று, 2013-ஆம் ஆண்டில் வெளியானது. மார்கரிட் ஓஹேர் என்பவரும் அவருடைய குழுவினரும் பள்ளி வகுப்பறைகளுக்குக் கினிப் பன்றிகளைக் கொண்டு சென்றனர். கினிப் பன்றி என்பது பெயரில் பன்றியாயினும், முயலைவிடச் சிறிய, வாலில்லாத, கொறித்துத் தின்னும் சாதுவான விலங்கு.

5 முதல் 13 வயது வரையிலான 99 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். மூவர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மதியிறுக்கம் உள்ளவர். மற்ற இருவரும் அவருடைய வகுப்புத் தோழர்கள். ஒருமுறை பத்து நிமிடம் விளையாட்டுப் பொருள்களும், இன்னொரு முறை பத்து நிமிடம் கினிப் பன்றிகளும் அவர்களிடம் கொடுக்கப்பட்டன. இரண்டையும் படம் பிடித்து ஒப்பிட்டனர்.

கினிப் பன்றிகள் இருந்தபோது, மதியிறுக்கம் உள்ள பிள்ளைகள் அதிகமாகப் பேசினர்; பிறருடைய முகத்தைப் பார்த்தனர்; சிரித்தனர். முகஞ்சுளிப்பதும் அழுவதும் சிணுங்குவதும் குறைந்தன. அவர்கள் விலங்கோடு மட்டும் பழகவில்லை. அருகிலிருந்த தோழர்களிடமும் பெரியவர்களிடமும் கூடுதலாகப் பழகினர் என்பதே இவ்வாய்வின் சிறப்பான முடிவாகும். அதே குழுவினர் 2015-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மாணவர்களின் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, உடலின் பதற்றத்தை அளந்தனர். சத்தமாக வாசிக்கும்போதும் பிறரோடு விளையாடும்போதும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளின் பதற்றம் உயர்ந்திருந்தது. விலங்குகள் அருகில் இருந்தபோது அது தணிந்தது.

விலங்குகளால் இது எவ்வாறு இயல்கிறது?

முதலாவதாக, விலங்குகள் நம்மை மதிப்பிடுவதில்லை. திக்கித் திக்கிப் பேசினாலும், ஒரே சொல்லைப் பத்து முறை கூறினாலும், நடை தள்ளாடினாலும் நாய் நகைப்பதில்லை. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 1999-இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் பயிற்சி பெற்ற நாய்க்கு அருகில் அமர்ந்து கதை வாசித்துக் காட்டுகின்றனர். தவறாக வாசித்தால் யாராவது சிரிப்பார்களோ என்னும் அச்சம் அங்கு இல்லை. அச்சம் நீங்கினால் வாயும் திறக்கிறது.

இரண்டாவதாக, விலங்குகளின் மொழி எளிமையானது. மனிதர் பேசும்போது சொல் ஒன்று, முகபாவம் ஒன்று, உள்ளக்கருத்து வேறொன்றாக இருக்கும். மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இவற்றை ஒருங்கே புரிந்துகொள்வது கடினம். நாய் மகிழ்ந்தால் வாலாட்டும்; பூனைக்குப் பிடிக்காவிட்டால் விலகிச் செல்லும். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் வழக்கம் அவற்றுக்கில்லை.

மூன்றாவதாக, தொடுதல் மனத்தை அமைதிப்படுத்துகிறது. அன்பும் பிணைப்பும் உண்டாகும்போது நம் உடலில் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. நாயும் அதன் உரிமையாளரும் ஒருவரையொருவர் நெடுநேரம் நோக்கும்போது இருவருடைய உடலிலும் இந்நீர் அதிகரிப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தனர்.

நான்காவது காரணம் மிக இன்றியமையாதது. சிறப்புத் தேவையுடைய பிள்ளை பிறந்தது முதல் பிறருடைய உதவியைப் பெற்றே வளர்கிறது. ஊட்டுபவர் ஒருவர், உடுத்துபவர் ஒருவர், அழைத்துச் செல்பவர் ஒருவர். “உன்னால் முடியாது, நான் செய்கிறேன்” என்னும் சொற்களை அது நாள்தோறும் கேட்கிறது. அப்பிள்ளையின் கையில் மீன்களுக்கான உணவுப் புட்டியைக் கொடுத்துப் பாருங்கள். “இன்று நீ போடாவிட்டால் மீன்கள் பசியோடு இருக்கும்” என்று சொல்லுங்கள். அதுவரை உதவி பெற்றவர் அந்த நொடியில் உதவி செய்பவராக மாறுகிறார். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்னும் உணர்வு, எந்தப் பாராட்டுச் சான்றிதழும் தர இயலாத தன்மதிப்பைத் தருகிறது. காலையில் எழுவது, நேரத்தைக் கவனிப்பது, அளந்து போடுவது, கை கழுவுவது எனப் பல பழக்கங்களும் அதனோடு சேர்ந்தே வருகின்றன.

குதிரையின் முதுகில்

விலங்குகளின் உதவி மனத்திற்கு மட்டுமன்று, உடலுக்கும் உண்டு. டென்மார்க் நாட்டுக் குதிரையேற்ற வீராங்கனை லிஸ் ஹார்ட்டல் 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் செயலிழந்தன. ஆயினும், விடாமுயற்சியோடு மீண்டும் குதிரையேறப் பழகினார். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் உதவி அவருக்குத் தேவைப்பட்டது. குதிரையின் முதுகில் அமர்ந்த பின்னரோ அவர் யாருக்கும் சளைத்தவராக இல்லை. அவருடைய வெற்றி, உடற்குறையுடையோருக்கான குதிரையேற்றப் பயிற்சி பல நாடுகளில் பரவுவதற்குத் தூண்டுகோலானது.

இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. குதிரை நடக்கும்போது, அதன்மேல் அமர்ந்திருப்பவரின் இடுப்பு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் அசைகிறது. இவ்வசைவு மனிதர் நடக்கும்போது ஏற்படும் அசைவை ஒத்தது. எனவே, நடக்க இயலாத பிள்ளையின் உடல், நடையின் தாளத்தைக் குதிரையின் முதுகில் உணர்கிறது. சமநிலை காக்கும் தசைகளுக்கும் பயிற்சி கிடைக்கிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் துணையோடு இம்முறை பயன்படுத்தப்படுகிறது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில்

ஆசியாவிலும் இம்முயற்சிகள் வேரூன்றியுள்ளன. 1991-இல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்பவர், மேக்ஸ் என்னும் தம் நாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நோயாளிகளைச் சந்திக்க வைத்தார். ‘டாக்டர் டாக்’ எனப்படும் அத்திட்டம் பின்னர் ஆசியாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு இத்திட்டத்தை ஏற்று நடத்தியது.

நம் நாட்டில் இக்கருத்துக்காகக் குரல் கொடுத்தவர்களுள் அந்தோணி தனசாயன் குறிப்பிடத்தக்கவர். சக்கர நாற்காலியின் துணையோடு இயங்கும் இவர், தம் நாய்களிடமிருந்து தாம் பெற்ற ஆதரவை மற்றவர்களும் பெற வேண்டும் என விரும்பினார். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் விலங்குத் துணைச் சிகிச்சையை எடுத்துச் செல்லும் ‘பெட்பாசிட்டிவ்’ என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையைப் பற்றி ஆங்கில நாளிதழில் தொடர்ந்து பத்தி எழுதினார். பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். உதவி பெறுபவராக மட்டும் மாற்றுத்திறனாளியைப் பார்க்கும் பார்வை தவறானது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாகும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்குச் சென்றவர்கள், வெண்கோலைத் தட்டியவாறு நடந்து செல்லும் பார்வையற்றோரைக் கண்டிருப்பார்கள். 1951-இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்குதான் உள்ளது. பல நாடுகளில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டி நாய்கள் உதவுகின்றன. முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ஜெர்மனியில் 1916-இல் இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நம் நாட்டில் இது இன்னும் பரவலாகவில்லை. கண்ணழுத்த நோயால் பார்வையிழந்த ஸ்டீவன்ஸ் சான் என்பவர், 2014-இல் லஷோன் என்னும் வழிகாட்டி நாயோடு வெளியே சென்றபோது, சில பொது இடங்களில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அச்செய்தி பலரைச் சிந்திக்க வைத்தது. விலங்கு வழிகாட்ட ஆயத்தமாக இருந்தாலும், வழிவிட வேண்டியவர்கள் மனிதர்களே.

நாம் பல இனத்தவரும் சமயத்தவரும் அருகருகே வாழும் நாட்டில் இருக்கிறோம். இஸ்லாமிய அண்டை வீட்டார் நாயின் உமிழ்நீர் பட்டால் தம் சமய முறைப்படி தூய்மை செய்ய வேண்டியுள்ளது. அதை மதித்து நடப்பது நம் கடமை. அதே வேளையில், பூனையை எல்லா இனத்தவரும் விரும்பி வளர்க்கின்றனர். முயல், மீன், பறவை ஆகியவற்றையும் பலர் வளர்க்கின்றனர். எனவே, சூழலுக்கேற்ற தோழனைத் தேர்ந்தெடுப்பதில் தடையேதும் இல்லை.

செல்லப்பிராணி மருந்தன்று

இவ்வளவு நன்மைகள் இருப்பதால், சிறப்புத் தேவையுடைய பிள்ளை உள்ள எல்லா வீடுகளிலும் உடனே ஒரு நாய்க்குட்டியை வாங்கிவிடலாமா? கூடாது. செல்லப்பிராணி மருத்துவருக்கோ, பேச்சுப் பயிற்சியாளருக்கோ, சிறப்புக் கல்வி ஆசிரியருக்கோ மாற்றாகாது. ஒரு பிள்ளைக்கு நன்மை தருவது இன்னொரு பிள்ளைக்குத் தொல்லையாகலாம். ஒலியைத் தாங்க இயலாத பிள்ளைக்கு நாயின் குரைப்பு வேதனை தரும். சிலருக்குப் பூனை முடியால் ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் ஏற்படும்.

ஆகவே, முதலில் பழகிப் பார்க்க வேண்டும். உறவினர் வீட்டுப் பூனையையோ நண்பர் வீட்டு முயலையோ பலமுறை சந்திக்க வைக்கலாம். பிள்ளை அஞ்சினால் வற்புறுத்தக்கூடாது. அடுக்குமாடி வீட்டில் வசிப்போர் அங்குள்ள விதிமுறைகளை அறிந்துகொள்ள வேண்டும். நாய் வளர்க்க நகராண்மைக் கழகத்தின் உரிமம் தேவை. தடுப்பூசி, உணவு, மருத்துவம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் கணக்கிட வேண்டும். சிறிய மீன்தொட்டியோடு தொடங்குவது பல குடும்பங்களுக்கு எளிது. விலங்கை விலைக்கு வாங்காமல், அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் போன்ற காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கவும் செய்யலாம்.

விலங்கின் பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது சிகிச்சைக் கருவியன்று. வலியும் அச்சமும் சோர்வும் உள்ள உயிர். தன் வலிமையை உணராத பிள்ளை அதன் வாலை இழுக்கலாம்; இறுக்கி அணைக்கலாம். அதனால் விலங்கு கடிக்கவும் நேரலாம். எனவே, பெரியவர் ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். விலங்கு ஒதுங்கி ஓய்வெடுக்கத் தனியிடம் வேண்டும். பிள்ளை ஆர்வம் இழந்தாலும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு குடும்பத்தினருடையது. நம் நாட்டின் விலங்கு நலச் சட்டம் 2015, வளர்ப்போர் தம் விலங்குகளுக்குத் தகுந்த உணவும் இடமும் பாதுகாப்பும் அளிக்க வேண்டும் என்கிறது. விலங்கை வதைப்போருக்குக் குறைந்தது 20,000 ரிங்கிட் அபராதமோ, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குளிரில் நடுங்கிய மயிலுக்குப் போர்வை தந்த பேகனைக் கொண்டாடும் மரபு நம்முடையது. வாயில்லா உயிரின் தேவையைக் கேளாமலே உணர்பவர், தன் தேவையைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் மனத்தையும் உணர்ந்துகொள்வார்.

மறுகரையில் நிற்பவர் யார்?

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். கிள்ளான் அடுக்குமாடி வீட்டுக் காட்சியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அங்கு அச்சிறுவனைப் பேச வைத்தது யார்? பூனை என்போம். அது பாதி விடைதான். வந்த சிறுவன் முறுக்குப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தால், பூனையால் என்ன செய்திருக்க முடியும்? அவன் நின்றான், குனிந்தான், கேட்டான், பதில் வரும்வரை காத்திருந்தான். “வயித்துல தொடாத” என்றதும் கையை எடுத்துக் கொண்டான். அந்நேரத்தில் பூனையைப் பற்றி நன்கு அறிந்தவன் கார் அடுக்கும் சிறுவன்தான். வந்தவன் அவனிடம் கற்றுக் கொண்டான். நட்பு அங்கேதான் துளிர்விட்டது.

ஒரு நாய், பூனை, கினிப் பன்றி ஆகியவை எவ்விதப் பயிற்சியுமின்றிச் செய்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவை கேலி செய்வதில்லை; அவசரப்படுத்துவதில்லை; உற்றுப் பார்த்துக் கிசுகிசுப்பதில்லை; அருகில் வந்து அமர்கின்றன. ஆறறிவு படைத்த நம்மால் இது முடியாதா?

நாளை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லும்போது, சிறப்புக் கல்வி வகுப்பு மாணவர் அமர்ந்திருக்கும் மேசையைக் கடந்து செல்லாதீர்கள். அருகில் அமருங்கள். பெயரைக் கேளுங்கள். “உன் வீட்டில் பூனை இருக்கிறதா?” என்று பேச்சைத் தொடங்கலாம். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். அன்று வராவிட்டால் மறுநாள் மீண்டும் கேளுங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அன்பு கலந்த பொறுமைக்கு அதைவிட ஆற்றல் அதிகம்.

வாயில்லா உயிர்கள் பாலத்தைக் கட்டித் தருகின்றன. அதன் மறுகரையில் நாம் நிற்க வேண்டும்.

சொற்பொருள்

சாதுவான – அமைதியான, தீங்கு செய்யாத
இடர்ப்பாடு – சிரமம்
இயக்குநீர் – உடலின் செயல்களை நெறிப்படுத்தும் சுரப்பு
தன்மதிப்பு – தன்னைத் தானே மதிக்கும் உணர்வு
தூண்டுகோல் – ஊக்கம் தரும் காரணம்
ஒவ்வாமை – உடல் ஏற்றுக்கொள்ளாததால் உண்டாகும் பாதிப்பு
உரிமம் – அரசு வழங்கும் அனுமதிப் பத்திரம்
மறுகரை – எதிர்ப்பக்கக் கரை

கருத்துணர் வினாக்கள்

1. லெவின்சன் தம் நாயை வெளியே அனுப்ப இயலாமற் போனதற்குக் காரணம் என்ன?
2. ஆஸ்திரேலிய ஆய்வில் விளையாட்டுப் பொருள்களையும் கினிப் பன்றிகளையும் ஒப்பிட்டதன் நோக்கம் யாது? அதன் சிறப்பான முடிவு என்ன?
3. ‘உதவி பெற்றவர் உதவி செய்பவராக மாறுகிறார்’ என்னும் கருத்தைப் பனுவலிலுள்ள சான்றோடு விளக்குக.
4. செல்லப்பிராணி வளர்க்க முடிவு செய்வதற்கு முன் ஒரு குடும்பம் கவனிக்க வேண்டிய நான்கு கூறுகளைப் பட்டியலிடுக.
5. ‘அது பாதி விடைதான்’ என்று கட்டுரையாளர் கூறுவதன் காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
6. உம் பள்ளியின் சிறப்புக் கல்வி மாணவர்களோடு நட்புறவை வளர்க்க நீர் மேற்கொள்ளக்கூடிய இரண்டு நடவடிக்கைகளைக் குழுவில் கலந்துரையாடி, அவற்றுள் ஒன்றை இவ்வாரம் செயல்படுத்துக.